மலையகத்து மாரியம்மன் கோயிலும் திருவிழாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு வருவோரும், தோட்டத்துக் கோயில் திருவிழாவை முதல் தடவையாகப் பொறுப்பேற்று நடத்தும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் முறை கொஞ்சம் மாறும். உங்கள் கோயில் பெரியவர்கள் வேறுவிதமாகச் சொன்னால் அதையே கேளுங்கள். நெருப்பு, மின்கம்பி, ஊசி ஆகிய மூன்றில் மட்டும் வேண்டாம்.

மலைநாட்டில் மிகப் பழைய அம்மன் வழிபாடு எது?

பெண் தெய்வ வழிபாடு என்று பார்த்தால் கண்டியில் தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள பத்தினி தேவாலயம்தான் முன்னால் வரும். நம் கண்ணகியைத்தான் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கையின் கயவாகு மன்னன் வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கண்டி எசல பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களோடு பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் இன்றுவரை போகிறது.

மாரியம்மன் வழிபாடு பின்னால் வந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழக மக்களோடு, 19ஆம் நூற்றாண்டில். அந்தக் காலத்திலிருந்து நிலைத்த பெரிய கோயில் மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில்.

ஏன் மாத்தளையில்?

வழி அப்படி. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பிப் பயிர் தொடங்கியதும் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்து மக்களைக் கங்காணிமார் (ஆள் சேர்த்து மேய்க்கும் தலைவர்கள்) கூட்டி வந்தார்கள். தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டுவழி நடை. தம்புள்ளை தாண்டி மாத்தளை. கொலராவும் காய்ச்சலும் பெரியம்மையும் வழி நெடுகச் சாய்த்தன. உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு மலை ஏறும் முன் கிடைத்த முதல் பட்டணம் மாத்தளைதான். மலையக மக்களின் 200 ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து போன நடைபயணமும் இதே பாதையில் மாத்தளையில்தான் முடிந்தது.

முதலில் மரத்தடியில் ஒரு சிறு வழிபாடு. 1874இல் கோயிலாக எழுந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பணமும் கையும் அதில் உண்டு. கண்டி – யாழ்ப்பாண வீதி ஓரமாக இருப்பதால் பஸ்ஸில் போகிறவர்களும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போவார்கள். 1983 கலவரத்தில் கோயில் தாக்கப்பட்டது. அதன் பிறகு எடுத்துக் கட்டினார்கள். இன்றுள்ள இராஜகோபுரத்தின் உயரம் 108 அடி. மாசி மகத்தை ஒட்டி ஐந்து தேர்கள் ஓடும் பஞ்சரத பவனிக்கு மலையகம் முழுவதிலுமிருந்து சனம் வரும்.

எத்தனையோ அம்மன் இருக்க, தோட்டங்களில் ஏன் மாரியம்மன்?

இரண்டு காரணம்: மழை, அம்மை. புறப்பட்ட ஊர்கள் மழை பார்த்து வாழ்ந்த வானம்பார்த்த பூமி. வந்த இடத்தில் பத்துக்கு பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (வரிசை வீட்டின் ஒற்றை அறையில்) ஒரு குடும்பம். ஒருவருக்கு அம்மை போட்டால் தொங்கல் (லய வரிசை) முழுக்கப் போடும். வேப்பிலை கட்டி, வெளியாள் வராமல் நிறுத்தி, ஆத்தாளுக்கு நேர்ந்துகொள்வதைத் தவிர அன்றைக்கு வேறு வழி குறைவு. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. நேர்த்தி மட்டும் நிற்கவில்லை. சின்னம்மைக்கு, குழந்தை வரத்துக்கு, இப்போது வெளிநாட்டு வேலைக்கும் பால்குடம் எடுக்கிறார்கள். சின்னம்மை போட்டவருக்கு வேப்பிலை கட்டுவதில் தப்பில்லை. வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகாமல் இருப்பதுதான் தப்பு. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அது நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடும்.

தோட்டத்துக் கோயில் எப்படி உருவானது?

பெரும்பாலும் ஒரு கல், ஒரு சூலம், ஒரு மரம். ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் முடிந்து வந்து வைத்ததாகப் பல தோட்டங்களில் சொல்வார்கள். அப்புறம் தகரக் கொட்டகை, அதன் பிறகு கருங்கல் சுவர், கடைசியில் கொங்கிரீட் தளமும் சுதைக் கோபுரமும். சுற்றிலும் முனியாண்டி, மாடசாமி, மதுரைவீரன் காவல் நிற்பார்கள். இந்த மண்ணிலேயே பிறந்த சாமிகளும் உண்டு: தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டும் (கவ்வாத்து) பருவத்தில் கும்பிடும் கவ்வாத்துச்சாமி, தொழிற்சாலைச் சக்கரங்களைக் காக்கும் ரோதைமுனி. கோயில்களைப் புதுப்பிக்கிறோம் என்று இந்தச் சின்னச் சாமிகளின் கல்லைப் பெயர்த்து ஓரம் போடுகிறார்கள். மலையகத்தின் சொந்தச் சரித்திரம் அந்தக் கல்லில்தான் இருக்கிறது. அதைக் கிடந்த இடத்திலேயே விடுங்கள்.

திருவிழா நாளை எப்படிக் குறிப்பது?

பஞ்சாங்கம், வானம், தேயிலைக் கொழுந்து மூன்றையும் பார்த்து. பல தோட்டங்களில் மாசி முதல் வைகாசிக்குள் முடித்துவிடுவார்கள். சில இடங்களில் ஆடி. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் வைகாசி கடைசியில் தென்மேற்கு மழை பிடித்தால் தீக்குழியும் தேரும் பாடுபடும். சித்திரையில் காலை வெளிச்சமாக இருந்து பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடி இடிக்கும். ஆகவே அந்த மாதத்தில் கரகத்தையும் பால்குடத்தையும் முற்பகலிலேயே கோயிலுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்குக் கணக்கு வேறு. அங்கே ஐப்பசி தொடங்கித் தை வரை மழை.

கொழுந்து கொட்டும் வாரத்தில் நாள் வைத்தால் தோட்ட நிருவாகம் லீவு தரத் தயங்கும். இரண்டு மாதம் முன்பே கடிதம் கொடுத்து, பதில் வேலைநாளையும் பேசி முடித்துக்கொண்டால் கடைசி நேரச் சண்டை இருக்காது.

காப்புக் கட்டிய பிறகு என்னென்ன கூடாது?

மஞ்சள் துணியில் அல்லது மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் சேர்த்து முதலில் அம்மனுக்கு, அடுத்து பூசாரிக்கு, பிறகு கரகம் எடுப்பவர், தீ மிதிப்பவர், காவடிக்காரர் என்று கட்டுவார்கள். கட்டியவர் மச்ச மாமிசம், மது தொடக் கூடாது. பாயில் தனியே படுக்க வேண்டும். மரண வீட்டுக்குப் போகக் கூடாது. ஊரார் எல்லோரும் தோட்ட எல்லை தாண்டி வெளியில் இராத் தங்கக் கூடாது என்பது பழைய கட்டு. அம்மைக் காலத்தில் நோய் வெளியே போகாமலும் உள்ளே வராமலும் காத்தது இந்தக் கட்டுதான். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் பெருகிவிட்ட இந்நாளில் காப்புக் கட்டியவருக்கு மட்டும் அதை வைத்திருக்கிறார்கள். அது போதும்.

காப்புக்கும் கரகத்துக்கும் நடுவில் தோட்டத்தில் யாராவது இறந்துவிட்டால் என்ன செய்வது என்பதைக் காப்புக்கு முன்பே கூட்டம் போட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். திருவிழாக்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

கரகம் பாலிப்பது (கரகக் குடத்தைச் சோடிப்பது) எப்படி? கரகம் ஏன் சாய்கிறது?

ஆற்றங்கரையில் அல்லது பீலிக்கரையில் (ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்தில்) இடத்தைக் கழுவி, வாழை இலையில் நெல்லோ அரிசியோ பரப்பி, அதன்மேல் பித்தளை அல்லது செப்புக் குடம் வைக்க வேண்டும். நாலைந்து லீட்டர் கொள்ளும் குடமே போதும்; பெரிதாக வேண்டாம். குடத்தைச் சுற்றி மஞ்சள் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முக்கால் அளவு தண்ணீர் விட்டு, மஞ்சள், எலுமிச்சம்பழம், காசு, வேப்பிலை போடுவார்கள். கழுத்தில் வேப்பிலைக் கொத்து. அதற்கு மேல் மூங்கில் சிம்பைக் கூம்பாகக் கட்டிப் பூச் சுற்றி, உச்சியில் எலுமிச்சம்பழம் செருகுவது.

சாய்வதற்குக் காரணம் அநேகமாக ஒன்றேதான்: சிம்புகளைக் குடத்தின் வாய்க்கு மேலே மட்டும் கட்டுகிறார்கள். நாலு சிம்பாவது கழுத்துக்குக் கீழே இறங்கி, குடத்தின் தோளில் படிய வேண்டும். வாழை நாரால் கழுத்தோடு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். காய்ந்த நார் பாதி வழியில் அறுந்துவிடும், கட்டும் முன் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பூவை உச்சியில் குவிக்காமல் அடியில் கனமாகவும் மேலே லேசாகவும் கட்டுங்கள். தூறல் பட்டால் செவ்வந்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். அரளி அவ்வளவு கனக்காது. குடம், தண்ணீர், பூ எல்லாம் சேர்ந்து பத்துக் கிலோ வரை வரும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர் அதை ஏற்றம் இறக்கமான கல் ரோட்டில் கையை விட்டு ஆடிக்கொண்டு வரப் போகிறார் என்பதை நினைத்துக் கட்டுங்கள். சும்மாட்டை ஈரத்துணியில் சுற்றினால் வழுக்காது.

ஒவ்வொரு தொங்கலிலும் கரகக்காரர் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். நல்லது, ஆனால் குளிர்ந்த பீலித் தண்ணீரை இருபது வாசலில் தொடர்ந்து ஊற்றினால் கால் விறைத்துப்போகும். வெதுவெதுப்பாக ஊற்றச் சொல்லி முதல்நாளே அறிவித்துவிடலாம். அவருக்கு இரு பக்கமும் இரண்டு பேர், பின்னால் ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

முளைப்பாரி நுவரெலியாக் குளிரில் வளருமா?

வளரும், நாள் கூடுதலாக எடுக்கும். மாத்தளையில் ஏழு நாளில் ஒரு சாண் வரும் பயறு நுவரெலியாவில் பத்துப் பன்னிரண்டு நாள் கேட்கும். நாளைப் பின்னோக்கி எண்ணி விதையுங்கள்.

பாசிப்பயறும் கௌப்பியும் அதிகமாகவும் நெல், உளுந்து, எள்ளு, கொள்ளு கொஞ்சமாகவும் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி அடுப்பங்கரையில் தொங்கவிடுங்கள். வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்ததும் விதைக்கலாம். சட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். கீழே இரண்டு விரல் உயரத்துக்கு வைக்கோல், மேலே சலித்த மண்ணும் காய்ந்த மாட்டெருத் தூளும் பாதிக்குப் பாதி, நான்கு விரல். விதையை நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, மெல்லிய மண்ணால் மூடி, வெளிச்சம் படாத அறையில் வைக்க வேண்டும். இருட்டில் வளர்வதால்தான் அது பச்சையாகாமல் வெளிர்மஞ்சளாக நீண்டு வருகிறது. ஒருவர் கதவைத் திறந்து திறந்து பார்த்தால் அந்தப் பக்கத்துச் சட்டி மட்டும் பச்சைபிடித்துக் குட்டையாக நிற்கும்.

கெடுவது தண்ணீரால். குளிரில் மண் காயாது. காலையிலும் மாலையிலும் வழக்கம்போல் ஊற்றினால் மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து அடி அழுகி நாற்றம் வரும். விரலை மண்ணில் வைத்துப் பார்த்து, ஒட்டினால் ஊற்ற வேண்டாம். மஞ்சள் கலந்த தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும், அதுவும் குளிர் நீர் வேண்டாம். உயர்ந்த பிறகு சாயாமல் இருக்க நாலு பக்கமும் ஈர்க்குக் குத்தி நூல் சுற்றுங்கள்.

மாவிளக்கு வெடிக்கிறது, நெய் உறைகிறது. என்ன செய்வது?

பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, கையில் ஒட்டாத ஈரம் இருக்கும்போது இடித்துச் சலிக்க வேண்டும். ஒரு கோப்பை மாவுக்கு முக்கால் கோப்பை பொடித்த வெல்லம், ஏலக்காய், ஒரு கரண்டி நெய். வெல்லமே இளகி ஈரம் விடும். தண்ணீர் சேர்க்கக் கூடாது. வெடித்தால் மா காய்ந்துவிட்டது, ஒரு சொட்டுப் பால் தொட்டுப் பிசையுங்கள். தளர்ந்து உட்கார்ந்தால் ஈரம் கூடிவிட்டது, உலர் மா சேருங்கள். கடையில் வாங்கும் வறுத்த அரிசி மா இதற்கு உதவாது; பிடியே கொடுக்காது.

நுவரெலியா இரவில் நெய் கட்டியாகிவிடும். கட்டி நெய்யில் திரி நனையாது, பற்றவைத்ததும் கருகி அணையும். திரியை வீட்டிலேயே உருகிய நெய்யில் ஊறவைத்து எடுத்துப் போங்கள்.

தீ மிதிப்புக்குக் குழி எப்படித் தயார் செய்ய வேண்டும்?

சமதரையில் தோண்டுங்கள். மலைநாட்டில் சமதரை கிடைப்பது கஷ்டம் என்று சரிவில் வெட்டினால் தணல் ஒரு பக்கம் வழிந்து அந்தப் பக்கம் கனமாகிவிடும். பன்னிரண்டு முதல் பதினைந்து அடி நீளம், நாலடி அகலம், அரையடி ஆழம் தாராளம். நன்கு காய்ந்த கட்டைதான் போட வேண்டும். வேரோடு பிடுங்கிக் காய்ந்த தேயிலைக் கட்டை அருமையான தணல் தரும். பைன் மரம் வேண்டாம், பிசின் வெடித்துத் தெறிக்கும். பழைய லயத்துப் பலகை, வாசல் சட்டம் எதையும் போடாதீர்கள். அதிலுள்ள ஆணி தணலுக்குள் கிடந்து காலைச் சுட்டுவிடும். தணலையும் சாம்பலையும் விட இரும்பு சூட்டை மிக வேகமாகக் காலுக்குக் கடத்தும். ஆறாத புண் பட்டவர்களில் பலர் மிதித்தது ஆணி அல்லது கல்.

நாலைந்து மணி நேரம் எரியவிட்டு, சுவாலை முழுக்க அடங்கிய பிறகு, நீளக் கம்பில் கட்டிய பலகையால் தட்டிப் பரப்ப வேண்டும். மூன்று விரல் கனத்துக்கு மேல் இருந்தால் கால் புதையும். எரியாத கொள்ளிகளைப் பொறுக்கி எடுங்கள். தணல்மேல் பெற்றோல், மண்ணெண்ணெய் எதுவும் யாரும் ஊற்றாதபடி ஆள் வையுங்கள்.

இறங்குகிறவர்கள் ஓடக் கூடாது, நிற்கவும் கூடாது, வேக நடை. ஓடினால் முன்விரல் தணலுக்குள் குத்தும், விழுந்தால் பெரிய ஆபத்து. ஒருவர் கரை ஏறிய பிறகே அடுத்தவர். மறு கரையில் பால் குழியும், அதைத் தாண்டி ஒரு தொட்டி சுத்தமான தண்ணீரும் வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைக் கமிட்டி தடுத்தாக வேண்டும். நேர்த்தி என்றால் குழந்தையைக் குழியைச் சுற்றி வலம் கொண்டுவரலாம், ஆத்தாள் கோபிக்க மாட்டாள். நீரிழிவுக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கும். சுட்டது தெரியாது, புண்ணும் ஆறாது. அவர்களுக்குப் பால்குடமே சரி.

அலகு குத்துவது, பறவைக் காவடி?

ஆளுக்கொரு புது ஊசி, கொதிநீரில் அவித்து எடுத்தது, குத்துகிறவர் கையில் கையுறை. ஒருவருக்குக் குத்தியதை அடுத்தவருக்குத் துடைத்துக் குத்துவது எக்காரணம் கொண்டும் கூடாது. ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டிருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் குத்தக் கூடாது. முதுகில் கொக்கி மாட்டித் தொங்கி வரும் பறவைக் காவடிக்கு உழவு இயந்திரத்தில் கட்டும் மரத்தை அன்று காலையிலும் ஒருமுறை ஏறித் தொங்கிப் பாருங்கள்.

தோட்டத்து ரோட்டில் தேர் இழுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மேலே கம்பி, கீழே இறக்கம். தேரின் உச்சிக் கலசம் வரை கம்பால் அளந்து, போகும் வழி முழுக்க மின்கம்பியின் உயரத்தோடு ஒப்பிட்டு, சந்தேகமான இடங்களை மின்சார சபைக்கு எழுத்தில் கொடுத்து அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். தடியால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பது உயிரோடு விளையாடுவது; மழையில் நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும்.

இறக்கத்தில் முன்வடத்தை விடப் பின்வடம் முக்கியம். பலசாலிகளைப் பின்னால் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு ஒருவராக முட்டுக்கட்டையோடு பக்கவாட்டில் நடக்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னால் அல்ல. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனியாக எடுக்க வேண்டும்.

தப்பு (பறை) அடிப்பவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்துவது மரபா?

மரபு என்று சொல்லப்படும் சாதிப் பழக்கம் அது. கரகம் பாலிப்பது, சாமி அழைப்பது, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து எல்லாமே தப்புச் சத்தத்தில்தான் நடக்கின்றன. குருக்கள்மார் பூசையும் நாதஸ்வரமும் வந்த பிறகு தப்புக்காரரைக் கேட்டோடு நிறுத்தி, சாப்பாட்டைக் கடைசியில் போடும் இடங்கள் இன்னும் உண்டு. முன்பணம் கொடுத்து, மற்றக் கலைஞர்களுக்குப் போல மாலை போட்டு, பந்தியில் சேர்த்து உட்கார வைக்கும் கோயில்களில்தான் அடுத்த தலைமுறை தப்பு பழகுகிறது. ஈரத்தில் தப்பின் தோல் தளரும், நெருப்பில் காய்ச்ச வேண்டும். அதற்கு ஒரு சிறு தீயையும் கூரையையும் அவர்களுக்கென்று ஒதுக்குங்கள்.

கிடாய், சேவல் பலி?

அம்மன் சந்நிதியில் இல்லை. காவல் தெய்வங்களுக்குத் தனியே செய்து வந்தார்கள். பல தோட்டங்கள் நீற்றுப்பூசணிக்கு மாறிவிட்டன. குங்குமம் தடவி உடைத்த பூசணியை நடுவழியில் விட்டால் மோட்டார் சைக்கிள் சறுக்கும். உடனே கூட்டி அள்ளுங்கள்.

கோயிலைப் பெருப்பித்துக் கும்பாபிஷேகம் செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?

காணியில். தோட்டக் காணி 1970களில் அரசுடைமையானது. 1992 முதல் கம்பனிகள் நிருவகிக்கின்றன. நிருவாகத்தின் எழுத்து அனுமதியில்லாமல் அத்திவாரம் வெட்டினால் பாதியில் நிற்கும். கோயிலை இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் பதிந்திருந்தால் மற்றக் காரியங்களும் சுலபம். மண்சரிவு அபாயப் பிரதேசமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; மண் வெட்டித் தட்டாக்கிய இடத்தில் கோபுரத்தின் பாரம் சும்மா இருக்காது.

பாலாலயம் செய்து அம்மனின் சக்தியைக் கும்பத்துக்கோ படத்துக்கோ மாற்றிய பிறகே திருப்பணி தொடங்கும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது பொது வழக்கம். சிலையைப் பீடத்தோடு பிடிப்பிக்கும் அட்டபந்தன மருந்தில் கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் போன்ற எட்டுப் பொருள் சேரும். இடிக்க இடிக்கத்தான் இளகும். மலைக் குளிரில் சீக்கிரம் இறுகிவிடுவதால், இடித்த கையோடு சூட்டோடு சூடாகத் திரித்து வைக்க ஆட்களைத் தயாராக நிறுத்துங்கள். ஆறிய மருந்தை அழுத்தினால் இடையில் வெடிப்பு விடும், அபிஷேகத் தண்ணீர் அதில் இறங்கிப் பீடத்தைப் பெயர்க்கும். கும்பாபிஷேகத்துக்குப் பிறகு 48 நாள் மண்டலாபிஷேகம். அதற்கும் சேர்த்துப் பணம் திரட்டுங்கள். பெரிய நாளில் எல்லாம் செலவழித்துவிட்டு, பத்தாம் நாள் பாலுக்கு அலைவது பல இடங்களில் நடக்கிறது.

சீதா எலிய சீதையம்மன் கோயிலும் இதே முறையா?

இல்லை. அது நுவரெலியா – பதுளை வீதியில், ஹக்கலைப் பூங்காவுக்குச் சற்று முன்னால், ஓடைக்கரையில் இருக்கிறது. இராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் என்பது நம்பிக்கை. ஓடைப் பாறையிலுள்ள குழிகளை அனுமன் பாதமென்று கும்பிடுகிறார்கள். 2024 மே 19இல் நடந்த கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியின் சரயு நதியிலிருந்து தீர்த்தம் வந்தது. பாறை வழுக்கும், மழை நாளில் ஓடையில் இறங்க வேண்டாம்.

மஞ்சள் நீராட்டு முடிந்ததும் திருவிழா முடிந்ததா?

கரகத்தை ஆற்றில் விட்டு, காப்பு அவிழ்த்து, எட்டாம் நாள் மறுபூசை வைத்த பிறகுதான். கரகம் விடும்போது தண்ணீரும் பூவும் வேப்பிலையும் ஆற்றோடு போகலாம். குடம், கம்பி, பிளாஸ்டிக் மாலை போகக் கூடாது. கீழே இன்னொரு தோட்டத்தார் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். தீக்குழியை அன்றிரவே தண்ணீர் ஊற்றி மூடுங்கள், மேலே சாம்பலாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு நாள் கனல் இருக்கும், பிள்ளைகள் விளையாடும் இடம். சம்பளத்தில் பிடித்த கோயில் வரி, உபயகாரர் தந்தது, உண்டியல், செலவு நான்கையும் ஒரே தாளில் எழுதி மறுபூசையன்றே கோயில் சுவரில் ஒட்டிவிடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத செலவை அதில் தனி வரியாகக் காட்டுங்கள்.